செக்சம் சரி

முதலில் தன் வாயைத் தன் காதோடு கட்டிப் பார்க்க வேண்டும்.
ஒரு ஜம்பர் வயர், விரற்கடை நீளம்.
'ஹலோ' என்று அடித்தால் 'ஹலோ' என்று திரும்பும்.
அது பேச்சு இல்லை.
போர்டு உயிரோடிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து இரண்டு போர்டுகள்.
இதன் வாய் அதன் காதுக்கு, அதன் வாய் இதன் காதுக்கு,
வயர் குறுக்கே போக வேண்டும்.
பசவண்ணப்பா எப்போதும் நேராகப் போட்டுவிடுவார்.
வாயும் வாயும் முட்டிக்கொள்ள
இரண்டு காதும் சும்மா கிடக்கும்,
எங்கள் திங்கட்கிழமை மீட்டிங் மாதிரி.

வேகம் ஒத்துப்போகாவிட்டால் குப்பை வரும்.
இங்கே 9600, அங்கே 19200.
நான் ஓர் எழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள்
அவர் இரண்டைக் கேட்டு முடித்திருப்பார்.
அதையும் சரிசெய்தோம்.
பிறகு வயரைப் பிடுங்கினோம்.

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், பகல் பதினொன்றரை.
ரிசீவரோடு அவர் மொட்டைமாடியில்,
பழைய லேப்டாப்புக்கு அட்டைப்பெட்டியால் நிழல் கட்டிக்கொண்டு.
நான் தெருவில்.
பெல்லந்தூரில் ஏதோ அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டி
தன் வயிறு எவ்வளவு காலி என்று
கீழே இருக்கும் மோட்டாருக்குச் சொல்ல வேண்டுமாம்,
அதற்குத்தான் இந்த நடை.
போனைப் போர்டில் செருகி ஃப்ளைட் மோடில் போட்டாயிற்று.
நொடிக்கு ஓர் எண் போகும். போய்ச் சேர்ந்தால்
அங்கிருந்து ஒரு 'ம்' வரும்,
பச்சை விளக்கு மினுங்கும்.

0041, ம். பவுடர் கோட்டிங் கம்பெனி வாசல்.
0130, ம். தர்ஷினி ஓட்டல், இட்லி ஆவி.
0212, லாரி குறுக்கே.
0213, ம்.
0388, தலைக்குமேல் மெட்ரோ. ம் வந்தது,
தூக்கத்தில் சொன்னது போல.

610 மீட்டர், வெல்டிங் பட்டறை ஓரம்
பச்சை நின்றது.
ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே,
போர்டைத் தலைக்குமேல் தூக்கி, பக்கவாட்டில் சாய்த்து.
பட்டறைப் பையன் முகமூடியைத் தூக்கி
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
மறுபடி பொறிக்குள் போனான்.

அப்படியென்றால் யாரும் கேட்கவில்லை.
யாரும் கேட்காத இடம் பீன்யாவில் ஒன்று
மூன்று வருஷத்தில் இப்போதுதான் கிடைக்கிறது.

எண்களை நிறுத்திவிட்டு
விரலுக்கு வந்ததைத் தமிழில் அடித்தேன்.
மாதம் 18500, போன தீபாவளிக்கும் அதே.
ஓசூரில் 24000 தருகிறார்கள்.
1ஆம் தேதி சேர வேண்டும்.
பசவண்ணப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
என் கால்குலேட்டரை எடுத்தது நீங்கள்தான், எனக்குத் தெரியும்.
வைத்துக்கொள்ளுங்கள்.
அடித்துக்கொண்டே இருந்தேன், பேட்டரி பாதியாகும்வரை.

மாடி ஏறியபோது அவர் முகத்தில் வியர்வை.
"ஏனோ கச பந்திதெ" என்றார்.
திரை முழுக்கக் கட்டங்கள்.
அந்த லேப்டாப்பில் தமிழ் இல்லை.
என் ஒரு 'க' மூன்று பைட், 'கூ' ஆறு பைட்,
அத்தனையும் வந்து
முகம் காட்ட வழியில்லாமல் வரிசையில் நிற்கின்றன.
வரி முடிவில் செக்சம் பார்த்தேன்.
சரி.
அடுத்த வரி, சரி.
கடைசி வரிவரை ஒரு பைட் சிந்தவில்லை.
வெல்டிங் பொறி என் காதை அடைத்திருக்கிறது,
வாயை அல்ல.

'610 மீட்டர், குப்பை' என்று எழுதி வைத்திருந்தார்.
அடித்துத் திருத்தினேன்:
610 மீட்டர். போக்கு சரி. வரத்து இல்லை.

பேனாவை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
எண்களுக்கு எந்த லேப்டாப்பிலும் ஒரு பைட்தான்,
அவை கட்டமாவதில்லை.

□□□□ 18500 □□□□□□
□□□□□□□ 24000 □□□□
1□□□ □□□□

கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்தது.
அந்தச் சத்தம் ஓயும்வரை இருந்துவிட்டு
"ஒந்தனே தாரீக்கா?" என்றார்.

ம், என்றேன்.